மழைக்காலமும் மோட்டார் சைக்கிள் மின் இணைப்புகளும்

கிராம முன்னேற்றத்திற்கு உதவும் சாதனங்கள் யாவை என்று வினவினால், ஏர், பம்பு செட், டிராக்டர், தெளிப்பான் என்று பலவற்றை நாம் அடுக்கிச் சொல்வோம். மோட்டார் சைக்கிளை அவ்வரிசையில் சேர்ப்பவர் சிலரே. எனினும் இன்று கறவைக்காரர் பாலைச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும், காய்கறி வியாபாரி விடியுமுன் சந்தையை அடைவதும், கொத்தனார் வேலை நடக்கும் இடத்திற்குப் போவதும், கிராமச் சுகாதாரச் செவிலியர் தாய்மார்களின் வீடு தேடிச் செல்வதும் பெரும்பாலும் இந்த இரு சக்கர வண்டியினாலேயே நடைபெறுகின்றன.

சமுதாய அபிவிருத்தித் திட்டம் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றபோது, கிராம சேவகருக்கு மிதிவண்டியே வாகனம். மழையில் நனைந்தால் அதைத் துடைத்து, சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் இட்டால் போதும். சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் 1955இல் அமைந்த பிறகு நம் சாலைகளில் ஓடத் தொடங்கிய பழைய மோட்டார் சைக்கிள்களிலும் ஒயர்கள் மிகக் குறைவு. ஒரு விளக்கு, ஒரு ஹாரன், தீப்பொறிக்கு ஒரு காயில், அவ்வளவே. இன்றைய வண்டியின் அமைப்பு வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதியின்கீழ் விற்கப்படும் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில், பெட்ரோலை அளந்து தெளிக்கும் வேலையையே மின்னணுக் கருவி ஒன்று ஏற்றுக்கொண்டுள்ளது. அதற்குச் செய்தி கொண்டு செல்லும் சென்சார்களில் ஒன்றின் இணைப்பு நனைந்தாலும் எஞ்சின் தடுமாறலாம், நின்றும் போகலாம்.

ஆகவே மழைக்காலத்தில் ஒயரிங்கைப் பாதுகாத்தல் மெக்கானிக் ஒருவருக்கே உரிய வேலையன்று. வண்டியை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாகும். இப்பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். மின் இணைப்புக்குள் நுழையும் நீரைவிட, வெளியேற வழியின்றி உள்ளே தங்கும் நீரே பெருங்கேடு செய்கிறது. நீரைத் தடுக்க வேண்டும். தடுக்க இயலாத இடத்தில் அது வடிந்தோட வழி விட வேண்டும்.

மேடவாக்கம் வட்டாரத்தின் நிலை

இப்பாடத்திற்கு மேடவாக்கம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. பரங்கிமலைக்கும் தாம்பரத்திற்கும் தெற்கேயும் கிழக்கேயும் அமைந்த சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம், வேங்கைவாசல், நன்மங்கலம், கோவிலம்பாக்கம் முதலிய ஊர்கள் முன்னாளில் ஏரிப் பாசனக் கிராமங்களாக இருந்தவை. ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீர் செல்லும். இறுதியில் அவ்வளவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பெற்ற அச்சதுப்பு நிலம் இவ்வட்டாரத்தின் தாழ்ந்த வடிகால் ஆகும். ஏரிகளைச் சுற்றி வீடுகள் பெருகியபின், முன்பு வயலில் நின்ற நீர் இன்று தெருவில் நிற்கிறது.

சென்னைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் பெய்த மழையிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் நீரில் நின்றன. மேலும், இவ்வூர்கள் கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ளமையால் காற்றில் உப்பின் சாயல் உண்டு. தேங்கிய தெருநீரிலோ சாக்கடையும் கலந்துவிடுகிறது. இவ்விரண்டும் உலோகத்திற்குப் பகை.

ஈரம் செய்யும் தீங்கு

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அதில் உப்பும் அழுக்கும் கரைந்தால் நன்கு கடத்தும். இரண்டு பின்களுக்கு இடையே அத்தகைய நீர் தங்கினால், பாட்டரியின் 12 வோல்ட் அழுத்தத்தில் சிறிதளவு மின்னோட்டம் நீர் வழியே இடையறாது கசியும். அப்போது நேர்முனையிலுள்ள செம்பு சிறிது சிறிதாகக் கரையும். நாம் காணும் பச்சை நிறப் பாசி போன்ற படிவு இவ்வாறு அரிக்கப்பட்ட செம்பின் உப்பே அன்றி வேறன்று.

அப்படிவு மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. கடத்தாத இடத்தில் வெப்பம் உண்டாகும். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 35 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்சாரம் எடுக்கிறது. வழியில் உள்ள ஓர் இணைப்பில் அரை ஓம் தடை ஏற்பட்டால், ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் அவ்விடத்திலேயே வீணாகிறது. நான்கு வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் விரல் நுனியளவுள்ள பிளாஸ்டிக் கப்ளருக்குள் பிறக்கிறது. விளக்கு மங்குவதுடன் கப்ளரும் கருகத் தொடங்குகிறது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியும்படி விதி செய்யப்பட்டிருப்பதால், இரவில் மட்டுமன்றிப் பகலிலும் இச்சூடு தொடர்கிறது.

செல்ப் ஸ்டார்ட் மோட்டாருக்கோ இதைவிடப் பன்மடங்கு மின்சாரம் வேண்டும். 60 ஆம்பியர் ஓடும் வழியில் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் குறைந்துவிடும். பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் மழைக்கால விடியலில் வண்டி 'டக் டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். குற்றம் முனையில் இருக்க, புதுப் பாட்டரி வாங்கிப் பணத்தை இழப்பவர் பலர்.

நீர் புகும் வழிகள்

மேலிருந்து மழை விழுவதும், முன் சக்கரம் கீழிருந்து வாரி இறைப்பதும் யாவரும் அறிந்தவை. அறியாத வழிகள் இரண்டு உள்ளன.

முதலாவது, திரி எண்ணெயை உறிஞ்சுவது போல ஒயருக்குள் உள்ள மெல்லிய செம்பு இழைகள் நீரை உறிஞ்சிக் கொண்டு போகும். ஒயரின் மேலுறை ஓரிடத்தில் கிழிந்திருந்தால், அங்குப் புகுந்த நீர் ஒரு சாண் தூரத்துக்கு அப்பாலுள்ள கப்ளரைச் சென்றடையலாம். வெளியே உறை பளபளப்பாகத் தோன்றும். உள்ளே கம்பி கறுத்துப் பொடியாகியிருக்கும்.

இரண்டாவது, சூடும் குளிர்ச்சியும் மாறி வருவதால் நிகழ்வது. எஞ்சின் சூட்டில் கப்ளருக்குள் உள்ள காற்று விரிந்து சிறிது வெளியேறுகிறது. அந்நிலையில் வண்டி தேங்கிய நீரில் இறங்கினால், காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியிலுள்ளதை உள்ளே இழுக்கிறது. வெளியில் இருப்பதோ நீர். எனவே நெடுந்தூரம் ஓடிய வண்டியை உடனே ஆழமான நீரில் செலுத்துதலும், சூடு ஆறுமுன் குழாய் நீரை அதன்மீது பீய்ச்சுதலும் ஆகா.

பார்க்க வேண்டிய இடங்கள்

வீட்டுக்காரர் தாமே பார்க்கக்கூடிய இடங்கள் எட்டு. ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள கப்ளர் கூட்டம், கைப்பிடியிலுள்ள ஸ்விட்சுகள், திருகுமிடத்தில் அடிக்கடி மடியும் ஒயர்க்கற்றை, ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடி, சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், ஸீட்டின் அடியிலுள்ள பாட்டரி முனைகள், பியூஸ் பெட்டியும் ஸ்டார்ட்டர் ரிலேயும், பின் மட்கார்டின் உட்புறமாகச் செல்லும் டெயில் லைட் ஒயர். இவற்றோடு, எர்த் ஒயர் பிரேமில் முறுக்கப்பட்ட போல்ட்டையும் மறவாது காண வேண்டும். எல்லா மின்சாரமும் திரும்பி வரும் வழி அதுவே ஆதலின், அங்குத் துரு ஏறினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒரே நேரத்தில் தோன்றும்.

ஸ்பார்க் பிளக் மூடிக்குத் தனிக் கவனம் தேவை. அங்கே ஓடுவது 12 வோல்ட் அன்று; 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம். ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் ஈரத்தின் வழியே தீப்பொறி எஞ்சினின் வெளிப்புறத்திற்குத் தாவிவிடும். கோடையில் குறையின்றி ஓடிய வண்டி மழையில் மட்டும் திணறுமானால், முதலில் இம்மூடியை ஐயுற வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதனைக் கையால் தொடுதல் கூடாது.

பாதுகாக்கும் முறை

ஒன்று: சாவியை எடுத்துவிட்டுப் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் பிரேமில் பட்டுப் பெரும் தீப்பொறி உண்டாகலாம்.

இரண்டு: கப்ளரை அதன் பூட்டை அழுத்தி, உடலைப் பிடித்துப் பிரிக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கலாகாது. மின் இணைப்புகளுக்கென விற்கும் கிளீனரைத் தெளித்து, மெல்லிய நைலான் பிரஷால் துலக்கி, முற்றிலும் உலர விடுக. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் பின்மீதுள்ள வெள்ளீயப் பூச்சு போய்விடும். பின்னர் அது முன்னிலும் விரைவாக அரிக்கும்.

மூன்று: உலர்ந்த கப்ளரின் ரப்பர் வளையத்திலும் விளிம்பிலும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுக. இது மின்சாரத்தைக் கடத்தாதது, நீரை ஒட்டவிடாதது. சக்கரத்துக்கு இடும் சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யலாம் ஆதலால் அதனை இங்கு உபயோகிக்கலாகாது. கப்ளர் முழுவதும் கிரீஸை அடைத்துவைப்பதும் வேண்டாம்.

நான்கு: அமிலப் பாட்டரியின் முனைகளில் வெள்ளை மாவு போன்ற படிவு இருந்தால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவுக. அந்நீர் பாட்டரியின் உள்ளே செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தபின் முனையை இறுக்கமாக முடுக்கி, அதன்மேல் வாசலைன் பூசுக. முடுக்கிய பின்னரே பூச வேண்டும் என்பது முக்கியம்.

ஐந்து: அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தலாகாது. கிரிம்ப் செய்தோ ஈயம் பற்றவைத்தோ இணைத்து, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மாட்டிச் சூடு காட்ட வேண்டும். அது சுருங்கும்போது பசை உருகி இரு வாயையும் அடைக்கும். இழை வழியே நீர் ஏறாது.

ஆறு: டேப் சுற்றியே ஆக வேண்டுமெனில் கீழிருந்து மேலாகச் சுற்றுக. கூரை வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிச் செல்வதையும், மேற்கீற்று கீழ்க்கீற்றின்மேல் படியுமாறு அமைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அப்படி வேய்ந்த கூரையில் நீர் வழிந்தோடும். தலைகீழாக வேய்ந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு தொட்டியாகிவிடும். டேப்புக்கும் இதுவே நியாயம்.

ஏழு: கப்ளருக்குச் செல்லும் ஒயர் முதலில் கீழே தாழ்ந்து, பின்னர் மேலெழுந்து கப்ளருக்குள் நுழையுமாறு ஒரு வளைவு விடுக. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் குழாய்க்குள் புகுமுன் அவ்வாறு தொங்குவதைக் காணலாம். வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்; இணைப்பை அடையாது. செலவில்லாத இம்முறையே எல்லாவற்றிலும் சிறந்தது எனலாம்.

மல்டிமீட்டர் வைத்திருப்போர் செய்த வேலையைச் சோதித்தும் பார்க்கலாம். விளக்கு எரியும்போது ஓர் இணைப்பின் இரு புறத்திலும் மீட்டரின் முனைகளை வைத்தால், 0.1 வோல்ட் அளவுக்குள் காட்டுவது நல்ல இணைப்பு. அதைவிடப் பெரிதும் மிகுந்தால் உள்ளே அரிப்பு உண்டு.

செய்யத் தகாதவை

கப்ளரைப் பாலித்தீன் பையால் பொதிந்து நூலால் இறுகக் கட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. இது நன்மைபோல் தோன்றித் தீமை செய்வது. ஒயரோடு ஒட்டி வரும் நீரும், இரவுக் குளிரில் வியர்க்கும் ஈரமும் பைக்குள் சேரும்; வெளியேற வழியில்லை. மழை நின்று வெயில் வந்தபின்னும் அவ்விணைப்பு மட்டும் நாட்கணக்கில் நீரில் ஊறும். நனைந்த வண்டியைத் தரை வரை தார்ப்பாயால் மூடிவைப்பதும் இத்தன்மையதே. முதலில் துடைத்து உலரவிட்டு, கீழே காற்று புகுமாறு மூட வேண்டும்.

மண்ணெண்ணெய் அல்லது டீசலை ஒயர்மீது தெளித்தல் மற்றொரு பழக்கம். அது ரப்பரை ஊதவைக்கும்; அழுக்கை ஒட்டவைக்கும்; தீப்பற்றும் அபாயமும் உண்டு. வாட்டர் சர்வீஸ் செய்யுமிடத்தில் விசையுடன் வரும் நீரை ஸ்விட்சுகளுக்கும், ஹெட்லைட்டின் பின்புறத்துக்கும், ஸீட்டின் அடிக்கும் நேராகக் காட்டவிடலாகாது. மழையைத் தடுக்க அமைந்த ரப்பர் அவ்விசையைத் தாங்க அமைந்ததன்று. அடிக்கடி போகும் பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவைப்போர் வண்டியையே பியூஸாக்குகின்றனர். கோளாறு ஏற்பட்டால் எரிவது ஒயரிங் முழுவதுமாகும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

நிற்க. எவ்வளவு பாதுகாத்தாலும் 2015இல் வந்தது போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கக்கூடும். சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் நீர் நிற்கும் தெருவில் வண்டியை ஓட்டிச் செல்ல முயல வேண்டாம். நீரில் மின்கம்பி வீழ்ந்து கிடக்கலாம் ஆதலின் தள்ளிச் செல்லவும் துணியலாகாது. உயிரைவிட வண்டி பெரிதன்று.

நீர் வடிந்தபின், ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் சாவியைத் திருப்புவதே மிகுதியான சேதத்திற்குக் காரணமாகிறது. நனைந்த இணைப்புகளில் மின்சாரம் பாய்ந்தால், சிறு செலவில் தப்பக்கூடிய மின்னணுக் கருவி அப்போதே கெட்டுவிடலாம். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் அதன் உறுப்புகளும் வளையும். எனவே முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. சேறும் சாக்கடையும் படிந்த கப்ளர்களைப் பிரித்து நல்ல நீரால் மெல்லக் கழுவி, காற்றிலும் மிதமான வெயிலிலும் உலர்த்துக. நெருப்புக் காட்டுதல் கூடாது. எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்தது உறுதி. மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை ஸ்டார்ட் செய்யலாகாது. பாட்டரியால் ஓடும் மின்சார வண்டியாயின் அதன் பாட்டரிப் பெட்டியை நாம் திறக்கவே கூடாது; மூழ்கிய வண்டியைச் சார்ஜ் செய்யாமல், வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தி, பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும்.

மன்றங்களின் கடமை

இவ்வேலைகளுக்கு உகந்த காலம் எது? நம் முன்னோர் வகுத்த நாள் ஒன்று கையிலேயே இருக்கிறது. ஆயுத பூஜை வடகிழக்குப் பருவம் வலுக்கும் தறுவாயில் வருகிறது. அந்நாளில் வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டாத வீடு அரிது. அதற்கு முந்திய ஞாயிறன்று இளைஞர் மன்றத்தாரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் ஊர்ப் பொது இடத்தில் கூடி, உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, மேலே கூறிய எட்டு இடங்களையும் ஒவ்வொரு வண்டியிலும் பார்க்கச் செய்யலாம். ஒரு குழாய் சிலிக்கான் கிரீஸும், ஒரு புட்டி கிளீனரும், சில ஸ்லீவுகளும் பொதுவில் வாங்கினால் பல வண்டிகளுக்குப் போதும். தொழிற் பயிற்சி நிலையத்தில் பயிலும் மாணவர் ஊரில் இருப்பின், மல்டிமீட்டர் சோதனையை அவர் கையில் ஒப்படைக்கலாம். கற்ற கல்வி ஊருக்குப் பயன்படுவதை ஊரும் காணும்.

இதில் காக்கப்படுவது வெறும் இரும்பும் ஒயரும் அல்ல. கார்த்திகை மாத அடைமழையில் நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளுக்குத் துணைபோகப் புறப்படும் வண்டி கிளம்ப வேண்டும். இருளில் நீர் நிறைந்த சாலையில் வரும்போது அதன் விளக்கு அணையாதிருக்க வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் ஒருவருக்கு வண்டி நின்ற நாள் அடுப்பெரியாத நாளாக முடியலாம். புரட்டாசியில் செலவிடும் அரை நாள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பல நாட்களைக் காக்கும்.

மன்றத்தில் செய்து காண

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில், ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் உப்பு கரைத்த நீரும் எடுத்துக்கொள்க. காற்றோட்டமான இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒன்றையொன்று தொடாத இரு செம்புக் கம்பிகளை நிறுத்தி, 9 வோல்ட் சிறு பாட்டரி ஒன்றோடு இணைக்க. சிறிது நேரத்தில் உப்புநீர் கலங்கி நிறம் மாறுவதையும், நேர்முனைக் கம்பி அரிக்கப்படுவதையும், மழைநீரில் அம்மாறுதல் மிகச் சிறிதாயிருப்பதையும் காணலாம். பின்வரும் வினாக்களை அங்கேயே விவாதிக்க:

1. மழைநீரைவிடத் தேங்கிய தெருநீர் மின் இணைப்புக்கு மிகுந்த கேடு செய்வது ஏன்?
2. பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டிய காரணம் என்ன?
3. கப்ளரைப் பாலித்தீன் பையால் கட்டுவது எவ்வாறு தீங்காகிறது?
4. நம் ஊரில் மழை பெய்தால் முதலில் நீர் தேங்கும் தெரு எது? அவ்வழியே செல்லும் வண்டிகளுள் இவ்வாண்டு சோதிக்கப்பெற்றவை எத்தனை?